கடல் தாண்டி வந்த ஜூலி அம்மா



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஆளுக்கு ஒரு பெண்மணியோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க. வேலு நாச்சியார், சாவித்திரிபாய் புலே, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அன்னை தெரசா எல்லாரையும் மத்த குழுக்காரங்க முதலிலேயே எடுத்துக்கிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எனக்குத் தெரிஞ்ச பெயர் எல்லாம் முடிஞ்சு போச்சேன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்போ என் பொண்ணு நூலகத்துல இருந்து எடுத்து வந்த ஒரு கதைப் புத்தகம் கையில் கிடைச்சது. பெயர் சித்தார்த்தா. ஹெர்மன் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1922-ல் எழுதியது. 1946-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர் அவர். தமிழில் 1957-லேயே திருலோக சீதாராம் ஐயா மொழிபெயர்த்திருக்கிறார். எங்கேயோ ஜெர்மனியில் பிறந்தவருக்கு நம்ம நாட்டுக் கதை எப்படி மனசுல வந்ததுன்னு விசாரிச்சா, அதுக்குக் காரணம் அவருடைய அம்மா வீட்டு வழி என்று தெரிந்தது. அவருடைய தாய் பிறந்தது தலச்சேரியில். தாய்வழிப் பாட்டியும் தாத்தாவும் இருபது வருஷத்துக்கு மேல் நம்ம தென்னாட்டில் குடியிருந்தவர்கள். அந்தப் பாட்டி தான் ஜூலி குண்டர்ட். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஜூலி அம்மா 1809-ம் வருஷம் சுவிட்சர்லாந்து நாட்டில் கோர்செல் என்ற ஊரில் பிறந்தார். நியூஷாட்டல் என்ற ஏரிக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஊர் அது. அந்தப் பக்கம் பேசுவது பிரெஞ்சு மொழி. பிறந்த வீட்டுப் பெயர் துய்புவா. பிறகு வாழ்க்கைப்பட்டது ஜெர்மனிக்காரருக்கு. கடைசிக் காலம் முழுவதும் வாழ்ந்ததும், கண் மூடியதும் ஜெர்மனியில். அதனால் ஜெர்மன் குடும்பத்து அம்மா என்றே அவரைச் சொல்கிறோம்.

அவருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும்போது ஊழியத்துக்காக இந்தியாவுக்குக் கிளம்பினார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அந்தோணி குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு வந்தார். குரோவ்ஸ் முதலில் பல் மருத்துவராக இருந்து, நல்ல வருமானத்தை விட்டுவிட்டு மத ஊழியத்துக்கு வந்தவர். அந்தக் குழுவில் ஜூலி அம்மாவும் இன்னொரு சுவிஸ் நாட்டுப் பெண்ணும் சேர்ந்துகொண்டார்கள். குரோவ்ஸின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஹெர்மன் குண்டர்ட் என்ற ஜெர்மன் வாலிபரும் அதே கப்பலில் வந்தார். பெரிய படிப்பு படித்தவர்.

அந்தக் காலத்தில் சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869-ல். அதனால் கப்பல் ஆப்பிரிக்கா கண்டத்தையே சுற்றிக்கொண்டு வரணும். மூணு நாலு மாசம் தண்ணீரிலேயே இருக்கணும். 1836 ஜூலையில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்கள். அப்போது மெட்ராஸில் துறைமுகமும் இல்லை. கப்பல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகு போய் ஆட்களை ஏற்றி, அலையோடு அலையாகக் கரையில் கொண்டு வந்து சேர்க்கும். நல்லா நனைஞ்சு தான் யாராக இருந்தாலும் மெட்ராஸ் மண்ணில் கால் வைக்கணும். ஜூலி அம்மாவும் அப்படித்தான் வந்திருப்பார்.

பிறகு அந்தக் குழு சித்தூரில் போய்த் தங்கியது. சித்தூர் நமக்கு ஒண்ணும் தூரம் இல்லை. நம்ம நசரத்பேட்டை ஹைவேயில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, ராணிப்பேட்டை தாண்டி சித்தூர். இன்றைக்கு ஆந்திராவில் இருந்தாலும் அப்போது மெட்ராஸ் மாகாணத்து ஊர். அங்கே குரோவ்ஸ் குழு பள்ளிக்கூடம் நடத்தியது. தமிழும் தெலுங்கும் பேசும் ஊரில், தமிழும் தெரியாமல் தெலுங்கும் தெரியாமல், பிரெஞ்சு மட்டுமே தாய்மொழியாக உள்ள ஒரு பெண் வந்து பாஷை பழகி வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள். நம்ம பக்கம் கம்பெனி வேலைக்கு வடநாட்டில் இருந்து வந்திருக்கும் பெண்கள் மளிகைக் கடையில் கை காட்டி சாமான் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

சித்தூரில் தான் 1838 ஜூலை 23-ம் தேதி ஜூலி அம்மாவுக்கும் குண்டர்ட்டுக்கும் கல்யாணம் நடந்தது. குண்டர்ட் பிறந்தது 1814-ல். அப்படின்னா மாப்பிள்ளையை விடப் பொண்ணு நாலு வயசுக்கு மேல் பெரியவர். நம்ம ஊரில் பொண்ணு ஆறு மாசம் பெரியவளாக இருந்தாலே ஜாதகத்தை மடிச்சுத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அவங்க ரெண்டு பேரும் நாற்பத்தேழு வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தினாங்க.

அந்த வருஷக் கடைசியில் இருவரும் மங்களூர் போனார்கள். அங்கே பேசல் மிஷன் என்ற சபை இருந்தது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சபை. ஆட்கள் பெரும்பாலும் தெற்கு ஜெர்மனிக்காரர்கள். இந்தப் பெயர் நமக்குப் புதுசாக இருக்கலாம். ஆனால் அவங்க வேலை நமக்குப் பழகினது தான். நம்ம பாட்டி வீட்டுக் கூரையில் இருந்த மங்களூர் ஓடு இருக்கே, அந்த ஓட்டுத் தொழிற்சாலையை 1865-ல் மங்களூரில் ஆரம்பித்தவர்கள் இவங்க தான். அதற்கு முன்னாடியே நெசவு ஆலையும் வைத்தார்கள். மதம் மாறினவர்களை ஊரும் உறவும் ஒதுக்கி வைத்ததால் பிழைக்க வழி இல்லாமல் போனது. அவங்களுக்குத் தொழில் கொடுக்கணும் என்று ஆரம்பித்தது தான் அதெல்லாம். அவர்கள் வந்த முதல் நோக்கம் தங்கள் மதத்தைப் பரப்புவது. அதை மறைச்சு எழுத வேண்டியதில்லை. நம்ம குழுவில் எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். நான் சொல்ல வந்தது அந்த அம்மா செய்த வேலையைப் பற்றி.

1839-ல் குண்டர்ட் குடும்பம் மலபாரில் தலச்சேரிக்கு வந்தது. ஊருக்கு வெளியே இல்லிக்குன்னு என்ற மேட்டில் ஒரு பங்களா. ஸ்டிரேஞ்ச் என்ற ஆங்கிலேய நீதிபதி மிஷன் வேலைக்கு என்று கொடுத்த பங்களா அது. அங்கே குண்டர்ட் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஜூலி அம்மா அதே வருஷம் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கினார். பெண் பிள்ளைகள் அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படிக்கும் விடுதிப் பள்ளி. சாவித்திரிபாய் புலே அம்மா புனாவில் பெண்கள் பள்ளி ஆரம்பித்தது 1848-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்னாடி இது.

அப்போது மலபார் எப்படி இருந்தது என்றும் சொல்லணும். நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்கிற வழக்கம் அங்கே இருந்தது. வயல் கை மாறினால் அதில் வேலை செய்கிற குடும்பமும் கை மாறும். 1843-ல் தான் கம்பெனி அரசாங்கம் அடிமை முறை செல்லாது என்று சட்டம் போட்டது. சட்டம் வந்தும் வழக்கம் உடனே போகவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு எழுத்து என்பது எட்டாத விஷயம். வசதியான வீட்டில் சில பெண்கள் படித்திருந்தார்கள். ஏழை வீட்டிலும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும் யார் சொல்லித்தருவார்கள்?

பள்ளியில் மலையாளம் வாசிக்க, எழுத, கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு தையல், பின்னல் வேலை. ஊசி நூல் வேலை தெரிந்த பெண் யார் கையையும் எதிர்பார்க்காமல் நாலு காசு பார்க்கலாம். நம்ம குழுவில் முதல் பயிற்சியாகத் தையல் பயிற்சி தான் கொடுத்தாங்க. எனக்கு அன்றைக்கு அது ஏதோ அரசாங்கம் புதுசாகக் கண்டுபிடித்த யோசனை மாதிரி இருந்தது. இருநூறு வருஷத்துக்குக் கிட்ட முன்னாடியே ஒரு அம்மா அரிக்கேன் விளக்கு கூட இல்லாத காலத்து வசதியில் அதைச் செய்திருக்கிறார்.

விடுதி நடத்துவது என்றால் என்னென்ன வேலை என்று வீட்டு வேலை செய்கிற நமக்குத் தெரியும். பத்துப் பிள்ளை இருந்தால் பத்துப் பிள்ளைக்கும் சாப்பாடு, துணி, எண்ணெய், பேன், ஜுரம், சண்டை. ஒருத்தி அழுதா இன்னொருத்தியும் அழுவாள். ராத்திரி யாருக்காவது வயித்தால போனால் எழுந்து பார்க்கணும். காலராவும் காய்ச்சலும் வீட்டு வாசலில் நிற்கிற காலம். இதுக்கு நடுவில் ஜூலி அம்மாவுக்குச் சொந்தமாகவும் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. 1842 அக்டோபரில் பிறந்த மகள் மேரி. அவள்தான் பின்னாளில் ஹெர்மன் ஹெஸ்ஸேவுக்குத் தாய்.

இதே இல்லிக்குன்னு பங்களாவில் தான் குண்டர்ட் 1847-ல் ராஜ்யசமாசாரம் என்ற பத்திரிகையை வெளியிட்டார். மலையாளத்தில் முதல் செய்திப் பத்திரிகை அது. பழமொழிகளைச் சேகரித்தார், இலக்கணம் எழுதினார், அகராதி தயார் செய்தார். அந்த மலையாள அகராதி 1872-ல் அச்சாகி வந்தது. இன்றைக்கும் படித்தவர்கள் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். தலச்சேரியில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்களாவையும் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். நல்லது தான், அவர் செய்தது பெரிய வேலை.

ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். ஒரு மனுஷன் நாள் முழுக்க உட்கார்ந்து ஓலைச்சுவடி படித்து, வார்த்தை வார்த்தையாக எழுதணும் என்றால், அந்த வீட்டில் அடுப்பு எரியணும், குழந்தை அழாமல் இருக்கணும், விடுதிப் பிள்ளைகள் பசியாறி இருக்கணும், வருகிறவர்களுக்கு வாசலில் நின்று பதில் சொல்லணும். அகராதியில் அந்த வேலைக்குத் தனிப் பக்கம் கிடையாது. மிஷன் சபையில் சேர்ந்து வேலை செய்தவர் என்ற கணக்கில் புருஷன் பெயர் தான் முதலில் வரும். பெண்சாதி அவரோட சேர்த்தி. நம்ம வீட்டிலும் நிலம் அவர் பேரில், ரேஷன் கார்டில் தலைவர் அவர், வேலை மட்டும் நம்ம பேரில் என்று தானே ரொம்ப நாள் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது தான் எனக்கு மனசு கனத்த இடம்.

வெளிநாட்டு ஊழியர்களின் குழந்தைகள் இங்கே நிறைய இறந்து போனார்கள். சூடு ஒத்துக்காது, காய்ச்சல் வரும். படிப்பும் தங்கள் நாட்டில் தான் இருக்கணும் என்ற எண்ணமும் இருந்தது. அதனால் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஐரோப்பாவுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். 1853-ல் பேசல் நகரத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு விடுதி கட்டினார்கள் என்றால் எத்தனை பிள்ளைகள் அப்படிப் பிரிந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குண்டர்ட் குடும்பமும் தப்பவில்லை. 1840-களின் நடுவில் எல்லாரும் ஐரோப்பா போனார்கள். திரும்பும்போது பெற்றவர்கள் மட்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரிய பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மேரி அப்போது பள்ளிக்கூடம் போகும் வயசு கூட ஆகாத சின்னக் குழந்தை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஜூலி அம்மா மகளைப் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் தான். ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர மாசக்கணக்கு ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதிய கடிதம் வந்து சேரும்போது காய்ச்சல் தீர்ந்திருக்கும், இல்லை வேறு என்னவோ ஆகியிருக்கும். இல்லிக்குன்னிலும், 1849-க்கு அப்புறம் கண்ணூர் பக்கத்தில் சிறக்கல்லிலும், அந்த அம்மா அடுத்தவங்க பெற்ற பெண் பிள்ளைகளுக்குத் தலை வாரி, பாடம் சொல்லி, ஜுரத்துக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டு இருந்தார். தன் மகளின் தலையை அங்கே வேறு யாரோ வாரினார்கள்.

இது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. கம்பெனி வேலைக்குப் போன இரண்டு வருஷம் என் பெரிய பொண்ணை எங்க அம்மா வீட்டில் விட்டு வைத்திருந்தேன். இங்கிருந்து மூணு மணி நேரப் பயணம் தான். வாரத்துக்கு ஒரு தடவை போன். அப்படியும், ஒரு தடவை போனப்போ அவள் என்னை விட்டுட்டு எங்க அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல. நம்ம கூட்டமைப்பிலேயே செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்து பிள்ளையை ஊரில் விட்டவர்கள் எத்தனை பேர். அவங்க எல்லாருக்கும் ஜூலி அம்மாவின் மனசு புரியும்.

1857-ல் மேரி பதினைந்து வயசுப் பெண்ணாக இந்தியாவுக்குத் திரும்பி வந்தாள். பெற்ற தாயும் மகளும் புதுசாக அறிமுகம் ஆகிற நிலைமை. வரும் வழியில் கப்பலில் ஒரு ஆங்கிலேய வாலிபரோடு அவளுக்குப் பழக்கம் ஆகி, இருவரும் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார்கள். குண்டர்ட் தம்பதி சம்மதிக்கவில்லை. அந்த எண்ணம் அதோடு முடிந்தது. மகளுக்கு அது பெரிய காயம். பத்து வருஷம் கூடவே இல்லாத பெற்றவர்கள், வந்து இறங்கிய உடனே அவள் ஆசைக்குக் குறுக்கே நின்றார்கள் என்று அவள் நினைத்திருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. பெரிய மனுஷங்க வாழ்க்கையிலும் இப்படி ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது. நல்லதை மட்டும் எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது.

ஆனால் மேரி முறைத்துக்கொண்டு போய்விடவில்லை. அம்மாவோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தாள். பிறந்த மண்ணின் மலையாளத்தைத் திரும்பக் கற்றுக்கொண்டாள். பிரிந்திருந்த தாயும் மகளும் ஒரே வேலையில் தோளோடு தோள் நின்றார்கள்.

குண்டர்ட்டை 1857-ல் அரசாங்கம் மலபார், கன்னட மாவட்டங்களுக்குப் பள்ளி ஆய்வாளராக நியமித்தது. ஊர் ஊராகப் பயணம். உடம்பு கெட்டுப்போனது. 1859-ல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். ஜூலி அம்மா கூடவே கிளம்பவில்லை, 1860-ல் தான் போனார். 1836-ல் அலையில் நனைந்து வந்தவர், இருபத்துநாலு வருஷம் கழித்து, ஐம்பது வயசில் திரும்பிப் போகிறார்.

திரும்பிப் போகிறார் என்று எழுதிவிட்டேன், அதுவும் சரியில்லை. போனது அவர் பிறந்த ஊருக்கு இல்லை, புருஷன் நாட்டுக்கு. ஜெர்மனியில் கருங்காட்டுப் பகுதியில் நாகோல்ட் என்ற ஆற்றங்கரையில் உள்ள கால்வ் என்ற சின்ன ஊர். தோல் பதனிடுகிறவர்களும் துணி நெய்கிறவர்களும் மர வியாபாரிகளும் வாழ்கிற ஊர். அங்கே குண்டர்ட் ஒரு புத்தகப் பதிப்பகத்தை நடத்தும் பொறுப்பில் இருந்தார். ஜூலி அம்மாவுக்கு ஜெர்மன் மொழி கடைசி வரைக்கும் சரளமாக வரவில்லை என்று அவர் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆக, இங்கே வந்தப்பவும் அந்நியம், அங்கே போனப்பவும் அந்நியம். ஐம்பது வயசுக்கு மேல் இன்னொரு தடவை புது ஊர், புது பாஷை, புது அக்கம் பக்கம். கல்யாணம் ஆகி ஒரு ஊர் வந்தாலே நாம வருஷக்கணக்கா பிறந்த வீட்டையே நினைச்சுக்கிட்டு இருக்கோம். அவர் ரெண்டு தடவை வேரோடு பிடுங்கி நட்ட நாத்து.

1865-ல் மேரிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சார்லஸ் ஐசன்பெர்க் என்ற ஊழியர். இருவரும் இப்போது பாகிஸ்தானில் உள்ள சிந்து பகுதியில் வேலை செய்தார்கள். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மாப்பிள்ளைக்கு உடம்பு முடியாமல் ஜெர்மனிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1870-ல் அவர் இறந்து போனார். மேரிக்கு அப்போது இருபத்தேழு வயசு. இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கால்வ் ஊருக்கு, அப்பா அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சின்ன வயசில் விட்டுப் பிரிந்த மகளுக்கு இப்போது தாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜூலி அம்மா அறுபது வயசில் பேரப் பிள்ளைகள் இருவரும் வளரும் வீட்டுக்குப் பாட்டி ஆனார்.

மூணு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு யோஹான்னஸ் ஹெஸ்ஸே என்ற இளைஞர் குண்டர்ட்டுக்கு உதவியாளராக வந்தார். அவரும் மங்களூரில் மிஷன் வேலை செய்து, உடம்பு ஒத்துக்காமல் திரும்பியவர். மேரியை விட ஐந்து வயசு சின்னவர். 1874-ல் மேரிக்கும் அவருக்கும் கல்யாணம் நடந்தது. கைம்பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மாப்பிள்ளையை விட வயசில் பெரியவள். நம்ம ஊரில் இன்றைக்கும் இது நடந்தால் தெருவே பேசும். அன்றைக்கு மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நின்ற அதே பெற்றவர்கள் இந்தத் தடவை நிற்கவில்லை. பெற்றவர்களும் பிள்ளைகளிடம் இருந்து கற்றுக்கொள்ள முடியும் என்று இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

1877 ஜூலை 2-ம் தேதி கால்வ் ஊரில் ஹெர்மன் ஹெஸ்ஸே பிறந்தார். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்தார்கள். அவருக்கு நாலு வயசு வரைக்கும் தாத்தா பாட்டி இருந்த அதே ஊரில் வளர்ந்தார். தாத்தா பாட்டி வீட்டுக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்கள், போகிறவர்கள் வருவது உண்டு. அங்கே இருந்து கொண்டு வந்த சாமான்கள், ஓலைச்சுவடிகள், தாத்தாவுக்குத் தெரிந்த இந்திய பாஷைகள், அம்மா பாடுகிற பாட்டு, சொல்கிற மலபார் கதைகள், இதெல்லாம் அந்தக் குழந்தையின் காதில் விழுந்தன. கடல் தாண்டி வந்த ஒரு ஊரை அந்தப் பெண்கள் மனசில் முடிந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஜூலி அம்மா 1885-ல் கால்வ் ஊரில் காலமானார். பேரனுக்கு அப்போது எட்டு வயசு. அவன் பெரிய எழுத்தாளர் ஆனதை அவர் பார்க்கவில்லை. புருஷன் குண்டர்ட் 1893-லும், மகள் மேரி 1902-லும் இறந்தார்கள். சித்தார்த்தா புத்தகம் வந்தபோது அந்த மூணு பேருமே இல்லை. ஜூலி அம்மாவின் இன்னொரு பேரன் வில்ஹெல்ம் குண்டர்ட் ஜப்பான் போய், அந்த நாட்டு இலக்கியத்தையும் புத்த சமயத்தையும் படித்துப் பெரிய அறிஞர் ஆனார். ஹெஸ்ஸே தன் சித்தார்த்தா புத்தகத்தின் இரண்டாம் பகுதியை அந்த வில்ஹெல்முக்குத் தான் சமர்ப்பித்தார்.

ஹெஸ்ஸே 1911-ல் இந்தியாவைப் பார்க்க ஆசைப்பட்டுக் கப்பல் ஏறினார். இலங்கை, சிங்கப்பூர், சுமத்ரா வரைக்கும் வந்தார். ஆனால் தன் அம்மா பிறந்த மலபாருக்கு வந்து சேரவில்லை. பாட்டி ஒரு கப்பலில் வந்து இருபத்துநாலு வருஷம் வாழ்ந்த மண்ணைப் பேரன் கண்ணால் பார்க்காமலே திரும்பினார்.

சித்தார்த்தா கதையின் கடைசியில் ஒரு இடம் வரும். சித்தார்த்தன் சின்ன வயசில் அப்பாவை விட்டுவிட்டுப் போனவன். வயசான காலத்தில் அவன் பெற்ற மகன் அவனை விட்டு ஓடிவிடுகிறான். அப்போது தான் தன் அப்பா பட்ட வேதனை அவனுக்குப் புரிகிறது. முதல் தடவை படித்தபோது அது வெறும் கதை என்று நினைத்தேன். இந்தக் குடும்பத்தின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடியும் அந்தப் பக்கங்களைப் படித்தேன். பெற்றவர்களும் பிள்ளைகளும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆகப் பிரிந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் எழுதியது அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சகோதரிகளே, ஜூலி அம்மா ராணியும் இல்லை, சண்டை போட்டவரும் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தார். குடும்பம் நடத்தினார். பிள்ளைகளைப் பிரிந்தார், திரும்பச் சேர்ந்தார். வந்த மகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் வீட்டில் இடம் கொடுத்தார். அவரிடம் எழுத்துப் படித்த மலபார்ப் பெண்கள் தாய்மார்கள் ஆகி, தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். அந்தக் கணக்கை யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

நம்ம குழுவில் கூட்டம் முடிந்ததும் தீர்மான நோட்டில் ஒவ்வொருத்தரும் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்று இல்லாமல், நம்ம பெயர். எங்க அம்மா இந்தக் குழுவில் சேர்ந்த பிறகு தான், நாற்பத்தெட்டு வயசில், கைநாட்டை விட்டுக் கையெழுத்துக் கற்றுக்கொண்டார். பாட்டி பெயரைக் கேட்டால் எங்க வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியாயா, கிழவி என்று தான் சொல்வார்கள். இதை எழுதி முடித்த அன்றைக்கு எங்க அம்மாவுக்கு போன் பண்ணி, என் பாட்டி, பாட்டியோட அம்மா இரண்டு பேருடைய பெயரையும், பிறந்த ஊரையும், என்ன வேலை செய்தார்கள் என்பதையும் கேட்டு என் பொண்ணோட நோட்டில் எழுதி வைத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் உங்க பாட்டி பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சேமிப்புப் பணம் கட்டின பிறகு ஆளுக்கு இரண்டு நிமிஷம் அவங்களைப் பற்றிப் பேசுவோம்.